பிளஸ் டூவுக்குப் பிறகு ஆட்டிச நிலை மாணவர்: விடுதிக் கல்லூரியா, வீட்டருகே கல்லூரியா, திறந்தநிலைப் படிப்பா?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு தமிழ்நாட்டு வீடுகளில் தொடங்கும் பேச்சு, கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதாகவே இருக்கும். ஆட்டிச நிலையிலுள்ள பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்த வீட்டிலும் அதே பேச்சுதான் எழுகிறது. இவ்வளவு தூரம் வந்தவன் இனி எல்லோரையும் போலப் படித்துவிடுவான் என்ற நிம்மதியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால், இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதையே வேலையாகக் கொண்டிருக்கும் எனக்கு, பாடம் புரியாமல் கல்லூரியை விட்டவர்களைக் கண்ட நினைவு குறைவு. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் முதல் பருவத்திலேயே வீடு திரும்பியவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். வகுப்பு நாளுக்கு ஐந்தாறு மணி நேரம்தான். மீதி நேரத்தை எந்த ஏற்பாடு தாங்கிப் பிடிக்கும் என்ற கேள்வியை முன்னால் வைத்துத்தான் இங்கே வெவ்வேறு வழிகளை ஒப்பிடுகிறேன். பேசக்கூடிய, எழுத்தர் உதவியோடோ இல்லாமலோ பொதுத்தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்ற மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுவது இது. கூடுதல் துணை தேவைப்படும் இளைஞர்களுக்கான வழிகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பள்ளி என்னென்ன வேலைகளைச் சத்தமில்லாமல் செய்து வந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்சு, ஒரே மணியோசை, பல ஆண்டுகளாகப் பிள்ளையை அறிந்த ஆசிரியர்கள், தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, கூடுதல் நேரம், டைரியைப் பார்த்து அம்மா எடுத்து வைக்கும் பை என்று எல்லாமே ஒரு கட்டமைப்பு. ஜூன் மாதத்தில் அது முழுவதும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. கல்லூரியில் பாடத்துக்கு ஓர் அறை. பேராசிரியர் வராவிட்டால் ஃப்ரீ ஹவர். இன்டர்னல் தேர்வு தள்ளிப்போன செய்தி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நூறு ஸ்டிக்கர்களுக்கு நடுவே வரும். பள்ளியில் கிடைத்த தேர்வுச் சலுகைகளும் தாமாகப் பின்தொடர்ந்து வருவதில்லை. கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

தொலைவிலுள்ள விடுதிக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். நல்ல கட்-ஆஃப் வாங்கிய மாணவருக்குப் பெற்றோர் முதலில் நினைப்பது இதைத்தான், பெரும்பாலும் பொறியியல். அதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆய்வகமும் நூலகமும் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். தினசரிப் பயணம் இல்லை. சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கேட் அடைப்பதற்கும் நேரம் குறித்திருப்பார்கள். நேர ஒழுங்கை விரும்பும் மாணவருக்கு அந்த அட்டவணை ஒத்துப்போகவும் கூடும். தன்னைப் போலவே நிரலாக்கத்திலோ மின்னணுவியலிலோ மூழ்கிக் கிடக்கும் ஒரு நண்பர் கிடைத்துவிட்டால், வீட்டில் இருந்திருந்தால் கிடைத்திருக்காத ஒரு தோழமையும் அமையும்.

ஆனால் விடுதி அறையை அருகில் போய்ப் பார்த்தால் வேறு கணக்கு தெரியும். நான்கு கட்டில், நான்கு அலமாரி, ஒரு மின்விசிறி, ஒரு டியூப்லைட். விளக்கை எப்போது அணைப்பது என்பதை நான்கு பேர் பேசித் தீர்க்க வேண்டும். காலையில் குளியலறை வரிசை, மெஸ்ஸில் தட்டுகள் மோதும் ஓசை, தினமும் மாறும் சாம்பார் மணம், பக்கத்து அறையில் கிரிக்கெட். ஆட்டிச நிலையில் ஒலியும் ஒளியும் மணமும் தொடுகையும் பலருக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மையாக வந்து விழுகின்றன. பகல் முழுவதும் வகுப்பில் அதைத் தாங்கி, எல்லோரையும் போல் இருப்பதற்காகத் தன் இயல்பை அடக்கிவைத்துக் களைத்து வரும் பிள்ளைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் இரண்டு மணி நேரம் மருந்தைப் போலத் தேவை. விடுதி அந்த இரண்டு மணி நேரத்தைத் தருவதில்லை. சில நாள் தாங்குவார்கள், சில வாரம் தாங்குவார்கள், பிறகு ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் உடைந்து அழுவார்கள், அல்லது பேச்சே நின்று சுருண்டு படுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் வார்டன் அதை அடம் என்றோ சோம்பல் என்றோ எழுதி வைத்துவிடுவார்.

ராகிங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் 2009இல் வந்தன. பழைய கொடுமைகள் பெரிதும் குறைந்திருக்கின்றன. இருந்தும், சொன்னதைச் சொன்னபடியே நம்பும் பிள்ளை கேலிக்கு எளிதில் ஆளாகிறார். "இந்தப் பேப்பரை எச்.ஓ.டி.யிடம் கொடுத்துவிட்டு வா" என்று சீனியர் சொன்னால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இதைப் புகாராகச் சொல்லவேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றாது. ஆகவே விடுதிதான் என்று முடிவானால் தனியறையோ இருவர் அறையோ உறுதியாக வேண்டும், வார்டனிடம் முதல் நாளே பேசியிருக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு உறவினரோ நண்பரோ இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று குறைந்தாலும், எவ்வளவு பெயர்பெற்ற கல்லூரியாக இருந்தாலும் பிளஸ் டூ முடித்த கையோடு அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அதே மாணவர் மூன்றாண்டு கழித்து முதுகலைக்கு அதே விடுதிக்குப் போய் நன்றாக இருக்கலாம்.

வீட்டருகே உள்ள அரசுக் கல்லூரியையோ அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியையோ பெற்றோர் இரண்டாந்தரமாக நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் முதல் பட்டத்துக்குப் பெரும்பாலான ஆட்டிச நிலை மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். மாலையில் தன் அறை, தன் தட்டு, தன் மின்விசிறியின் அதே வேகம் காத்திருக்கிறது என்ற உறுதி, பகலின் குழப்பங்களைத் தாங்க வலுத் தருகிறது. மாற வேண்டியவை எல்லாம் ஒரே நேரத்தில் மாறாமல், படிக்கும் இடம் மட்டும் மாறுகிறது. சட்டமும் இங்கே கூடுதல் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று பெற்றவர்களுக்கு, அரசின் உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவிபெறும் நிறுவனங்களும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும், வயது வரம்பிலும் ஐந்தாண்டுத் தளர்வு தர வேண்டும். உதவிபெறாத தனியார் கல்லூரிகள் தாமே நிரப்பும் இடங்களைச் சட்டத்தின் இந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. பொறியியல்தான் வேண்டும் என்பவர்களுக்கு டி.என்.இ.ஏ. கலந்தாய்விலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதை வைத்து மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கல்லூரியைப் பிடிக்க முடிந்தால், விடுதி இல்லாமலே பொறியியல் படிக்கலாம்.

வீட்டருகே கல்லூரிக்கும் சிக்கல்கள் உண்டு. முதலாவது பேருந்து. காலை எட்டரை மணி நெரிசலில் நாற்பது நிமிடம் நின்று போகிற பயணம், முதல் வகுப்பு தொடங்கும் முன்பே பாதிச் சக்தியை உறிஞ்சிவிடும். பல கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட் நடக்கிறது. நெரிசல் குறைந்த நேரத்தில் போய்வரக்கூடிய ஷிஃப்ட் எது என்று பார்த்துச் சேர்ப்பது, எந்தப் பிரிவு என்று பார்ப்பதற்கு ஈடான முக்கியத்துவம் உள்ளது. மதிய ஷிஃப்டில் பல பிரிவுகள் சுயநிதிப் பிரிவுகளாக இருக்கும் என்பதால் கட்டணத்தையும் ஒதுக்கீட்டையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மதிய இடைவேளை. வகுப்பைவிட அந்த ஒரு மணி நேரம்தான் கடினம் என்று பல மாணவர்கள் சொல்கிறார்கள். நான் அறிந்த ஒரு கணித மாணவர் கேண்டீன் பக்கமே போகாமல், தாவரவியல் துறைக்குப் பின்னால் உள்ள திண்ணையில் தயிர்சாத டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, நூலகத்தில் எப்போதும் உட்காரும் மேசைக்குப் போய்விடுவார். அந்தத் திண்ணையைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே அவரும் அவருடைய அக்காவும் போய்த் தேடிக் கண்டுபிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் அவரைத் தாங்கிய ஏற்பாடுகளில் அதற்கும் பங்கு உண்டு.

பொறியியலா, கலை அறிவியலா என்ற ஒப்பீட்டையும் வேலைவாய்ப்பை மட்டும் வைத்துச் செய்யக்கூடாது. பொறியியலில் வாரந்தோறும் ஆய்வகம், ரெக்கார்டு நோட்டு, வைவா, கடைசி ஆண்டில் குழுவாகச் செய்யும் புராஜெக்ட் என்று பிறரோடு இணைந்தும் திடீர்க் கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லியும் கடக்க வேண்டிய கட்டங்கள் அதிகம். விடை தெரிந்தும் வைவாவில் வாய் திறக்காமல் நின்று மதிப்பெண் இழப்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியை எழுத்தில் தரச் சொல்லியோ, கொஞ்சம் யோசிக்க நேரம் கேட்டோ முன்கூட்டியே ஒப்புதல் வாங்கினால் இது தீரக்கூடியது. கணிதம், கணினி அறிவியல், வரலாறு, மொழி, வணிகவியல் போன்ற பட்டப்படிப்புகளில் எழுத்துத் தேர்வின் பங்கு பெரிது, வாரத்தின் வடிவமும் ஓரளவு மாறாமல் இருக்கும். எந்தப் பிரிவாக இருந்தாலும், பிள்ளை தானாகவே மணிக்கணக்கில் மூழ்கும் விஷயத்துக்கு அருகில் அது இருக்க வேண்டும். ரயில் கால அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குப் புவியியலோ புள்ளியியலோ பிடித்துப்போகலாம். ஆட்டிசம் என்றாலே கம்ப்யூட்டர் என்று ஒரே பாதையில் தள்ளுவது பிள்ளையைப் பார்க்காமல் பெயரைப் பார்ப்பது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களை, வேறு வழியில்லாதவர்களுக்கானவை என்று ஒதுக்குவோர் பலர். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தரும் பட்டங்கள், அங்கீகாரம் பெற்ற மற்ற தொலைநிலைப் பட்டங்களைப் போலவே, நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது. இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை நீட்டி முடிக்கலாம். பொதுவாக ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். 75 விழுக்காடு வருகைப் பதிவு என்ற கத்தி தலைக்கு மேல் தொங்குவதில்லை. ஒரு பருவத்தில் உடல்நலமோ மனநலமோ சரிந்தால் அந்தத் தேர்வை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கலாம். கடும் பதற்றத்தோடு பள்ளியைக் கடந்து வந்த பிள்ளைக்கு இந்த நெகிழ்வு பெரிய கொடை.

ஆனால் அந்த நெகிழ்வுதான் அதன் ஆபத்தும். காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லையென்றால், இரவும் பகலும் இடம் மாறி, அறைக் கதவு மூடியே கிடந்து, ஒப்படைப்புகள் கடைசி நாள் தாண்டிப்போகும். வேலைகளை முன்பின் வரிசைப்படுத்தித் தானே தொடங்குவது ஆட்டிச நிலையில் பலருக்கும் கடினமான செயல். திறந்தநிலைப் படிப்பு முழுக்க முழுக்க அந்தத் திறனை நம்பியே நடக்கிறது. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால், வாரத்தில் நான்கு நாளாவது வீட்டுக்கு வெளியே போக ஒரு நிலையான இடம் வேண்டும். மாவட்ட நூலகத்தில் காலை இரண்டு மணி நேரம், தட்டச்சு வகுப்பு, உறவினர் கடையில் கணக்கெழுதும் பகுதிநேர வேலை என்று எதுவாகவும் அது இருக்கலாம். தேர்வு மையம் முன்பின் பார்க்காத கட்டடமாக இருக்கக்கூடும் என்பதால், ஹால் டிக்கெட் வந்ததும் ஒருமுறை நேரில் போய் வாசல், படிக்கட்டு, கழிவறை எல்லாவற்றையும் பார்த்து வருவது நல்லது. என் பார்வையில் இது வீட்டருகே கல்லூரிக்கு அடுத்த நல்ல வழி. பள்ளி இறுதியில் மன உளைச்சலால் நீண்ட விடுப்பு எடுத்தவர்களுக்கு மட்டும் இதுவே முதல் வழி.

பாலிடெக்னிக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிளஸ் டூவில் உரிய பாடங்களோடு தேர்ச்சி பெற்றவர்கள் நேரடி இரண்டாமாண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்துப் பொறியியலிலும் இரண்டாமாண்டில் நுழையலாம். கையால் செய்து கற்பவர்களுக்கு அருமையான வழி; பட்டறையின் லேத் ஓசையும் வெல்டிங் ஒளியும் தாங்குமா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஓராண்டு நிறுத்திவைப்பது இன்னொரு வழி. அக்கம்பக்கத்தார் "வருஷம் வீணாப் போச்சே" என்பார்கள். அந்த ஓராண்டில் இன்னின்னவற்றைக் கற்பது என்று எழுதி வைத்துச் செய்தால் அது வீணாகாது. சும்மா காத்திருந்தால், வீட்டுக்குள் சுருங்கிப்போன பிள்ளையை அடுத்த ஜூனில் வெளியே கொண்டுவருவது இப்போதைவிடக் கடினமாகும்.

இனி, எந்த வழியைத் தேர்ந்தாலும் எதிரே வந்து நிற்கும் கேள்வி: கல்லூரியில் சொல்வதா, மறைப்பதா? மறைக்க நினைக்கும் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. பிள்ளையை முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்கு வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடையாகும் என்ற கவலை கற்பனையானதல்ல. ஆனால் சொல்லாவிட்டால் சட்டம் தரும் எதையும் கேட்க முடியாது. கூடுதல் நேரம் என்பது மத்திய அரசு வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். 40 விழுக்காட்டுக்குக் கீழே சான்று பெற்றவர்களும் மனம் தளர வேண்டாம். நியாயமான ஏற்பாடுகளைப் பெறும் உரிமை அந்த 40 விழுக்காட்டு வரம்போடு முடிந்துவிடுவதில்லை என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அரசு அங்கீகரித்த எந்தக் கல்வி நிறுவனமும், தனியாராக இருந்தாலும், மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்பதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவே அடிப்படை.

சொல்வதிலும் அளவு உண்டு. அலுவலகத்துக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையும் சான்றிதழும் போதும். சான்றிதழ் சிறுவயதில் வாங்கியதாக இருந்தால் அதன் செல்லுபடி தேதியைப் பார்த்துப் புதுப்பித்துவிட வேண்டும். துறைத்தலைவருக்கும் டியூட்டருக்கும் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் கொடுப்பது பெரிய பலன் தரும். அதில் நோயைப் போல விவரிக்கத் தேவையில்லை. "கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டாலும் கவனித்துக்கொண்டிருப்பேன். தேர்வு அறை மாறினால் முந்தைய நாளே எனக்குச் செய்தி அனுப்புங்கள். சத்தம் தாங்காவிட்டால் ஐந்து நிமிடம் வெளியே போய் வருவேன், அதற்கு அனுமதி வேண்டும். சொல்லித்தருவதைப் பலகையில் எழுதினால் எனக்கு எளிது" என்று மாணவரே தன் சொற்களில் எழுதியிருந்தால், எந்தப் பேராசிரியரும் தட்டிக்கழிக்க மாட்டார் என்று சொல்லும் அளவுக்குப் பலமுறை அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். உடன் படிப்பவர்களிடம் சொல்வதா என்பது மாணவரின் முடிவு. பெற்றோர் அதில் தலையிடக்கூடாது.

முடிவான வழிக்கு ஏற்பத் தயாரிப்பும் மாறும். விடுதி என்றால் துணி துவைப்பது, மாத்திரையைத் தானே நேரத்துக்குப் போடுவது, அறைத் தோழரிடம் "விளக்கை அணைக்கலாமா" என்று கேட்பது. வீட்டருகே கல்லூரி என்றால் பேருந்து. முதல் வாரம் அப்பாவோடு, அடுத்த வாரம் அப்பா பின் இருக்கையில், பிறகு தனியாக. திறந்தநிலை என்றால் நாட்காட்டியில் ஒப்படைப்புத் தேதிகளை எழுதி, ஒவ்வொன்றையும் எந்தக் கிழமை தொடங்குவது என்றும் எழுதுவது. மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: அலுவலகச் சன்னலில் நின்று போனஃபைட் சான்றிதழ் கேட்பது. வங்கிக்குப் போய்ச் சலான் கேட்டுப் பழகலாம், ஓட்டலில் மெனு பார்த்துச் சொல்லிப் பழகலாம். வாசகத்தை வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் தவறே இல்லை. பல பெரியவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த ஒப்பீட்டையெல்லாம் பெற்றோரும் சித்தப்பாவும் உட்கார்ந்து செய்துவிட்டு முடிவை மட்டும் பிள்ளையிடம் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. பதினெட்டு வயதாகப்போகும் ஒருவரின் வாழ்க்கை அது. "எந்தக் கல்லூரி பிடிச்சிருக்கு?" என்று கேட்டால் பதில் வராமல் போகலாம், அதை விருப்பமின்மையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு கல்லூரிகளுக்கும் வகுப்பு நடக்கும் ஒரு வேலை நாளில் கூட்டிப்போய், வகுப்பறை, கேண்டீன், கழிவறை, நூலகம் நான்கையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று தாளில் எழுதச் சொன்னால் மிகத் தெளிவான பதில் வரும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அவர்களுடைய சிரமத்தை அடக்கம், கூச்சம் என்று நினைத்து ஆட்டிசத்தையே தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களைக் கேட்காமலே முடிவெடுத்தும் விடுகிறோம்.

எடுத்த முடிவை மாற்றக்கூடிய தேதியையும் சேர்க்கையின்போதே குறித்துவைப்பது நல்லது. முதல் பருவத்தின் நடுவில், அதாவது செப்டம்பர் வாக்கில், தூக்கம், எடை, வருகை, வாரத்தில் எத்தனை நாள் உடைந்துபோகிறார் என்ற நான்கையும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். விடுதி தாங்கவில்லையென்றால் அருகில் வாடகை அறையெடுத்து வீட்டில் ஒருவர் சில மாதம் உடனிருப்பது ஒரு மாற்று. அதுவும் முடியாதென்றால், அரியரும் வருகைக் குறைவும் சேர்ந்து நெரிக்கும்வரை காத்திருக்காமல் டி.சி. வாங்கிவிடலாம். இக்னோவில் ஜூலையைப் போலவே ஜனவரியிலும் சேர்க்கை உண்டு என்பதால், டிசம்பருக்குள் முடிவெடுத்தால் முழு ஆண்டையும் இழக்க வேண்டியதில்லை.